பிரிக்காத தட்டு

அவள் கணவனுக்கு இசை என்றால் கழுதைக்குக் கற்பூர வாசனைதான். ஆனாலும் ஏதோ ஒரு சங்கத்தில் சந்தா கட்டி, உறுப்பினர்களுக்கென்றே அச்சாகும் இசைத்தட்டு ஒன்றை மாதாமாதம் வரவழைப்பான். கேட்பதற்கு இல்லை. உறையைப் பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம்! பச்சைப் பிள்ளையைத் துடைப்பதுபோல் துடைத்து அலமாரியில் அடுக்குவான்.

"சாப்பிட வாங்க, ஆறிப்போகுது" என்று அவள் சமையலறையிலிருந்து கத்துவாள். கல்யாணமான நாளிலிருந்து அதற்குப் பதில் வந்ததே இல்லை.

அன்று மதியம் அவன் குளிக்கப் போன நேரத்தில் புதுத் தட்டின் உறையைக் கிழித்தாள். மதிப்பாம், மண்ணாங்கட்டியாம்! சங்கம் இனாமாகக் கொடுத்திருந்த பிளேயரில் போட்டு ஊசியை வைத்தாள். கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு ஒரு பெண்ணின் குரல், சந்தேகமே இல்லாமல் அவளுடைய குரல்: "சாப்பிட வாங்க, ஆறிப்போகுது."

"இதோ வந்துட்டேம்மா!" என்று குளியலறையிலிருந்து பதில் வந்தது.

ஈரத் தலையோடு வந்தவன் கிழிந்த உறையையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. நேரே போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தான்.

"நீயும் உக்காரேன்."

"உக்காந்துட்டேனே" என்றது இசைத்தட்டு.