மணநாள் வரிசை

மாதத்தின் முதல் ஞாயிறு. ஆராதனை முடியுமுன் போதகர் அந்த மாதம் திருமண நாள் வருகிறவர்களின் பெயர்களை வாசித்தார். ஜோடி ஜோடியாக எழுந்துபோய் பீடத்தின் முன் முழங்காலிட்டார்கள். அதே மாதத்தில் மணமான கிப்சனின் பெயர் இல்லை. மனைவி எப்சிபா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பட்டியலிலிருந்து பெயரை யாரோ நல்ல மனதோடு அடித்துவிட்டிருக்கிறார்கள். நான்கு வருஷமும் அவள்தான் அவன் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துப்போவாள். ஜெபிப்பது அவள்தான்; அவன் கூட முழங்காலிடுவதோடு சரி. இன்று இழுக்க ஆளில்லாமல் எழுந்து நின்றான்.

"மாப்ள, ஒக்காருங்க. பேரு வாசிக்கலையே," என்றார் பக்கத்திலிருந்த மாமனார்.

"தெரியும் மாமா."

"சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

வரிசையின் கடைசியில் போய் முழங்காலிட்டான். போதகர் ஒவ்வொரு ஜோடியின் தலையிலும் கை வைத்து, நீடித்த இல்வாழ்வுக்காக ஒரே மாதிரி ஜெபித்துக்கொண்டு வந்தார். அவனிடம் வந்ததும் கை அந்தரத்தில் நின்றது. குனிந்து கேட்டார்:

"என்னன்னு ஜெபிக்கட்டும், தம்பி?"

ஆறுதல் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. ஏழு மாதமாக எல்லாரும் அதைத்தான் வீட்டில் கொண்டுவந்து கொட்டினார்கள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் ஐயா. நானே சொல்றேன். கைய மட்டும் வைங்க."

கை இறங்கியது. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பாடகர் குழு பாட்டை எடுக்காமல் காத்திருந்தது. எப்சிபா சொல்லும் வார்த்தைகள் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தன. எல்லாவற்றையும் போகவிட்டு, தன் சொந்த வார்த்தையில் ஜெபிக்க வாயைத் திறந்தான்.