லிஸ் விற்ற சைக்கிள்

லிஸிடம் வாங்கிய பழைய சைக்கிளில்தான் ரிவியேர் தே ஸாங்கீய் சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோகிறேன். கடலோர மேட்டில் அது லேசாக ஏறிவிடும். என் காலுக்கு அவ்வளவு பலம் என்று நினைத்திருந்தேன்.

ஆயுத பூஜை அன்று சைக்கிளின் பின்சீட்டுப் பலகையிலும் சந்தனம் பூசினேன். மறுநாள் மேடேறி இறங்கிப் பார்த்தால், சந்தனத்தில் இரண்டு உள்ளங்கைத் தடம். இடது கைக்குச் சுண்டுவிரல் இல்லை.

லிஸிடம் காட்டினேன். போன வருஷம் கடலில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத அவள் புருஷன் பெர்னாருக்கும் அந்த விரல் கிடையாது.

“நாளைக்கு என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க, மருதை” என்றாள்.

பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவளையும் சேர்த்து சைக்கிள் லேசாகவே ஏறியது.

பாதி மேட்டில் அவள் மெதுவாகக் கேட்டாள்: “சட்டை இன்னுமா காயல?”

என் சட்டை நனையவே இல்லை.