ஆணியில் தொங்கிய கரண்டி

தேனம்மை தனியாள். அவள் சமையலுக்குச் சின்ன ஸ்பூனே போதும் என்பதால் பெரிய சாம்பார் கரண்டி வாரம் முழுக்க ஆணியில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் பசித்தவர்களுக்குச் சாப்பாடு போடப் போவாள்.

"எதுக்கு இந்த வேலை? புண்ணியத்துக்கா, பேருக்கா?" என்று கரண்டியைக் கேட்டது அவளுடைய ஒற்றைத் தட்டு. கரண்டிக்கும் தெரியவில்லை.

அன்று வரிசையில் வந்த கிழவர் சாம்பாரை வாங்கிக்கொண்டு நகரவில்லை.

"நீ சாப்பிட்டியா தாயி?" என்றார்.

தேனம்மையின் கை அப்படியே நின்றது. கரண்டி யோசித்துப் பார்த்தது. வீட்டில் இத்தனை வருஷத்தில் அவளை யாருமே இப்படிக் கேட்டதில்லை.

சாயங்காலம் கரண்டி ஆணிக்குத் திரும்பியது.

"தெரிஞ்சுதா? புண்ணியமா, பேரா?" என்றது தட்டு.

கரண்டி ஆணியில் ஆடியது. "அது கெடக்கட்டும். நீ சாப்பிட்டியா?" என்றது.