ஒன்பது விநாடித் திருட்டு

"அடுப்படியில் ஒரு திருடன்! பகிருங்கள், இவன் முகம் ஊர் முழுக்கத் தெரியட்டும்!"

இப்படித் தலைப்புப் போட்டு ஹஸ்னா அந்த வீடியோவை ஏற்றினாள். கல்லூரிக்குப் போகிற வழியில் அடுப்பு வாசலில் நின்று எடுத்தது. ஒன்பதே விநாடி. தெரு அடுப்புக்காரர் பூஷ்தா ஒரு வீட்டுப் பலகையிலிருந்து சுடச்சுட இரண்டு ரொட்டியை எடுக்கிறார். அக்கம்பக்கம் பார்க்கிறார். மேலங்கிக்குள் மறைக்கிறார்.

இது போதாதா? சாயங்காலத்துக்குள் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

ஃபெஸ் நகரத்துப் பழைய தெருக்களில் மாவு பிசைவது வீட்டில், வேகவைப்பது பொது அடுப்பில். தட்டிய மாவைப் பலகையில் அடுக்கி, துணி போர்த்தி, காலையில் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவார்கள். வெந்த ரொட்டி அதே பலகையில் வீடு திரும்பும். இருபத்தைந்து வருஷமாக ஒரு புகார் கிடையாது.

இப்போது எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

"மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே!" என்றார் ஒருவர். "கையை உடைக்கணும்" என்றார் இன்னொருவர். "சின்ன வயசுல எங்க வீட்டு ரொட்டியையும் இவன்தான் குறைச்சான்" என்று பிரஸ்ஸல்ஸிலிருந்து ஒருவர் எழுதினார். அவர் பிறந்து வளர்ந்தது எங்கோ இருக்கும் டான்ஜியர் நகரத்தில். அதனால் என்ன, அதற்கும் ஆயிரம் லைக்.

மறுநாள் காலை அடுப்பு வாசலில் ஒரே கூட்டம். ஒரு பலகைகூட வரவில்லை. தெருவைக் கவனிக்கும் அதிகாரியும் வந்து நின்றார். ஹஸ்னா போனை உயர்த்தி நேரலையைத் தொடங்கினாள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு லல்லா பத்தூல் வந்தாள். மசாலாக் கடைக்காரர் மனைவி. பறிபோனது அவள் பலகை ரொட்டிதான்.

"போனது என் ரொட்டி. எனக்கே வலிக்கல, உங்களுக்கு எங்கய்யா வலிக்குது?" என்று அதிகாரியிடமே பாய்ந்தாள். "நான்தான் எடுத்துக்கச் சொன்னேன். கஷ்டப்படுற வீடு ஏதாவது ஒண்ணுக்குப் போகட்டும்னு தினம் ரெண்டு கூடத் தட்டி வைக்கிறேன்."

"எந்த வீடு லல்லா?" என்றாள் ஹஸ்னா.

"அது எனக்கெதுக்குடி? நான் கேக்கக் கூடாது, அவரும் சொல்லக் கூடாது. அதான் எங்க பேச்சு."

போனில் கருத்துகள் கொட்டின. 'இவளுக்கும் பங்கு போல.' 'நல்லா நடிக்கிறா.' 'யாருக்குக் கொடுத்தான்? கேளு, விடாதே!'

ஹஸ்னா விடவில்லை. பூஷ்தாவை நேற்றுவரை 'மாமா' என்று கூப்பிட்டவள், இன்று அவரிடம் ஒரு நீதிபதியைப் போலக் கேட்டாள்.

"சரி, யாருக்குக் குடுத்தீங்க? பேரைச் சொல்லுங்க. அவங்களையே கூட்டிட்டு வந்து கேட்டுடலாம். நீங்க நல்லவர்னா இதுல என்ன கஷ்டம்?"

நியாயமான கேள்விதான். கூட்டமே தலையாட்டியது.

பூஷ்தா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். போனைப் பார்த்தார். போனுக்குப் பின்னால் இருந்த முகத்தையும் பார்த்தார்.

"யாருக்கும் குடுக்கல" என்றார். "நான்தான் தின்னேன். தப்புதான்."

லல்லா பத்தூலுக்கு முகம் செத்துவிட்டது. "அப்ப இத்தனை நாளும்...?" என்று தொடங்கியவள், முடிக்காமல் திரும்பி நடந்தாள். அதிகாரி கையை நீட்டினார். பூஷ்தா அடுப்புச் சாவியை அதில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் தெருவில் இறங்கினார். பாவம், நடை தளர்ந்துபோயிருந்தது.

ஹஸ்னா வீட்டுக்குள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அம்மா! ஒத்துக்கிட்டாரும்மா! எட்டு லட்சம் பேர் பார்த்தாங்க!"

அம்மாவிடம் போன் கிடையாது. நோயாளி அப்பாவைவிட்டு நகரவும் முடியாது. என்ன சத்தம், எதற்குச் சத்தம் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

"அந்த வீடியோவைக் காட்டு."

காட்டினாள்.

"இவ்வளவுதானா?"

"எடுத்தது நாப்பது விநாடிம்மா. மிச்சத்துல ஒண்ணுமில்ல. உள்ள போய் எதையோ நோண்டிட்டு நிக்கிறார். வெட்டிட்டேன்."

"அந்த வெட்டினதைக் காட்டு."

சலிப்போடு தேடி எடுத்து ஓட்டினாள். நேரே மூலையில் இருந்த ஒரு பலகையை நோக்கிப் போகிறார் பூஷ்தா. அதன் துணியைத் தூக்கி, அந்த இரண்டு ரொட்டியையும் உள்ளே வைத்து, பழையபடி போர்த்துகிறார்.

ஹஸ்னாவின் விரல் திரையில் நின்றுவிட்டது. அந்தத் துணி அப்பாவின் பழைய சட்டை. ஓரத்துச் சிவப்புத் தையல் அம்மா போட்டது.

"அப்பா படுத்ததுலேர்ந்து நான் நாலுதான் தட்டி அனுப்புறேன். ஆறு வரும்" என்றாள் அம்மா. "யார் வீட்டு ரொட்டின்னு நானும் கேட்டதில்ல."

ஹஸ்னாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்ப சொல்லியிருக்கலாமேம்மா! எதுக்கும்மா தானே தின்னேன்னு பொய் சொன்னாரு?"

"பேரைச் சொல்லுன்னு போனை நீட்டிக்கிட்டு எதிர்ல நின்னது நீயாச்சே. உன் முகத்தைப் பார்த்து உன் பேரை எப்படிடி சொல்லுவார்?"