அறுந்து போகாத கம்பி

தணிகாசலத்தின் வீட்டில் ஹீட்டர், அயர்ன்பாக்ஸ், மிக்ஸி மூன்றையும் சேர்த்துப் போட்டால் போதும், ஃபியூஸ் கம்பி பொசுக்கென்று அறுந்துவிடும். "தினமும் இதே ரோதனை!" என்று எரிச்சலோடு அந்த மெல்லிய கம்பியைப் பிடுங்கி எறிந்தார். ஃபியூஸ் கட்டையில் தடித்த செப்புக் கம்பியை முறுக்கி வைத்தார்.

மறுநாள் காலை மூன்றும் ஒன்றாக ஓடின. சுவருக்குள் கிடந்த வயருக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"அண்ணே, தாங்க முடியல. சீக்கிரம் அறுந்துடுங்க!" என்று செப்புக் கம்பியிடம் கெஞ்சியது.

"அறுந்து போறதுக்கு நான் என்ன அந்த நோஞ்சானா? என்னை நம்பி வெச்சிருக்காங்கடா."

வயரின் தோல் உருகி வழிந்தது. சுவரில் பெயின்ட் கொப்பளித்தது. "அண்ணே, இந்தச் சுவரை ஒட்டித்தான் தொட்டில் இருக்கு! குழந்தை தூங்குது!"

"சும்மா கத்தாதே. எனக்குச் சுடவே இல்லையே."

குபீரென்று தீ பிடித்தது. தணிகாசலம் குழந்தையை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

எல்லாம் அணைந்தபின், கரி படிந்த ஃபியூஸ் கட்டைக்குள் செப்புக் கம்பி மட்டும் முறுக்குக் குலையாமல் இருந்தது.

"பாத்தியா தம்பி, கடைசி வரைக்கும் நான் அறுந்து போகல!" என்றது.

பதில் சொல்ல வயர் இல்லை.