தலைமாடு

இரண்டும் ஒரே ஆஸ்பத்திரிதானே என்று மறுபடியும் கேட்டாள்.

காப்பீட்டு மேசையில் இருந்த பெண் மறுபடியும் இல்லை என்றாள்.

அவளுக்குப் பிடிபடவில்லை.

இரண்டு வாசலிலும் ஒரே பெயர்தான் எழுதியிருக்கிறது. ஒரே டாக்டர்தான் இரண்டு கட்டடத்துக்கும் வந்து பார்க்கிறார். இட்லிகூட ஒரே கேன்டீனில் இருந்துதான் வருகிறது, ஒரே மாதிரி ஆறிப்போய். பழைய கட்டடத்தையும் புதுக் கட்டடத்தையும் இரண்டாம் மாடியில் ஒரு பாலம் சேர்க்கிறது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளினால் பேசிக்கொண்டிருக்கும்போதே கடந்துவிடலாம்.

"பழைய கட்டடம்தாம்மா உங்க இன்சூரன்ஸ் லிஸ்ட்டுல இருக்கு. புதுக் கட்டடத்த வேற பேர்ல பதிஞ்சிருக்காங்க. அங்க ஆன செலவுக்கு கம்பெனி தராது. நீங்க கட்டிட்டு, அப்புறமா எழுதிக் கேட்டுப் பாக்கலாம்."

முதல் நாள் அட்டையைக் காட்டியபோது ஒரு பைசா கட்ட வேண்டாம் என்று சிரித்ததும் இதே பெண்தான்.

அவள் புருஷன் புதுக் கட்டடத்துக்குப் போய் மூன்று நாளாகிறது. அதற்கான தொகையை அந்தப் பெண் கணினியைத் திருப்பிக் காட்டினாள். ஏதோ போன் நம்பர் என்றுதான் முதலில் நினைத்தாள்.

கையில் கிடந்த வளையல்கள் அதற்குச் சரியாகப் போகும். இன்னும் நான்கைந்து நாள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு விற்க வீடுதான் இருந்தது. அதிலும் பாதி கொழுந்தனுடையது.

பாலிசி எடுத்தது அவர். நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். எதற்கும் பார்க்கிற ஆள். கல்யாணத்துக்குப் போய் லாட்ஜில் தங்கினால், தலை வடக்கே வருகிறதென்று கட்டிலைத் தரதரவென்று இழுத்துத் திருப்புவார். கீழ் ரூம்காரன் சண்டைக்கு வருவான். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அவளுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. திசையெல்லாம் பஸ் ஏறுவதற்கு என்பாள்.

அப்படிப்பட்டவள்தான் இந்த வேலையைச் செய்தாள்.

நெஞ்சுச் சளி முற்றி, காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். பழைய கட்டடத்தில் கொடுத்த படுக்கையின் தலைமாடு வடக்கே இருந்தது. ஆக்ஸிஜன் குழாய் அந்தச் சுவரில்தான். கட்டிலைத் திருப்ப வழியில்லை. கால்மாட்டில் தலையணையைப் போட்டால் குழாய் எட்டாது. தெரிந்திருந்தால் ஒரு நிமிஷம்கூட அதில் படுத்திருக்க மாட்டார். தெரியாமல் கிடந்தார். அதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வார்டு சிஸ்டரிடம் போய் நின்றாள்.

"அவுக வடக்க தல வச்சுப் படுக்க மாட்டாக சிஸ்டர்."

கழுத்தில் சிலுவை போட்டிருந்த சிஸ்டர் சிரிக்கவில்லை. யார் யாருக்கோ போன் செய்து, பாலத்துக்கு அந்தப் பக்கம், கிழக்கே தலை வைக்கிற மாதிரி ஒரு படுக்கை வாங்கித் தந்தார். இன்சூரன்ஸ் பாலம் தாண்டாது என்பது சிஸ்டருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது.

மருந்து வேலை செய்கிறது என்றார் டாக்டர். அவளும் தலையாட்டினாள். மருந்துதான். மருந்தாகத்தான் இருக்கும். பழைய கட்டடத்தில் ஏற்றியதும் அதே மருந்துதானே என்ற நினைப்பை யாரிடமும் சொல்லவில்லை.

"இன்னைக்கே பழைய பக்கம் கொண்டுவந்துட்டா, இனிமே ஆகுறத இன்சூரன்ஸ் பாத்துக்கும்மா" என்றாள் மேசைப் பெண். "ஒரே ஒரு பெட்தான் காலியா இருக்கு."

எது என்று அவள் கேட்டாள். அதே படுக்கை.

தம்பிக்குப் போன் போட்டாள். "வடக்காவது தெக்காவது. பேசாம மாத்துக்கா" என்றான் அவன். கல்யாணமான நாளிலிருந்து அதே வார்த்தையை அவள்தான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். நம்பிக்கையில்லாதவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அப்படியானால் நம்பிக்கை வந்துவிட்டதா? வந்ததென்றால் எப்போது வந்தது? ஒன்றும் விளங்கவில்லை. பயமாக இருந்தது, அது மட்டும்தான் தெளிவாக இருந்தது.

சரி என்றாள்.

பாலத்தில் போகும்போது அவர் விழித்துக்கொண்டார். மேலே விளக்குகள் ஒவ்வொன்றாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

படுக்கையில் மாற்றி, குழாயைச் சுவரில் செருகிவிட்டு ஆட்கள் போனார்கள்.

"தலமாடு எந்தப் பக்கம்?"

நினைவு திரும்பி அவர் கேட்ட முதல் கேள்வி அது. குரலே எழும்பவில்லை.

"கிழக்கு" என்றாள்.

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக அவருடைய வலது கன்னத்தில் விழுந்துகொண்டிருந்தது. கிழக்கே தலை வைத்துப் படுத்தவருக்கு அது காலில் விழ வேண்டும். அவளுக்கே தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு வெயிலை மறைத்து உட்கார்ந்தாள்.

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கிழக்குதான்" என்றார். "நீ போய்ச் சாப்பிடு."

கண்ணை மூடிக்கொண்டார்.