மஞ்சத்தண்ணி

கோயில் ஆடுகளின் மனக்கவலைக்கெல்லாம் ஆறுதல் சொல்வது வெள்ளை ஆடுதான். நடுங்கிக்கொண்டே வந்த கருப்புக் கிடாவிடம், "பயத்தை அடக்காதே தம்பி, உடம்பை நல்லா உதறு, சரியாயிடும்" என்றது.

"உங்களுக்கென்ன அக்கா, இந்தச் சாமி கேட்கிறது கருப்பை மட்டும்தானே!" என்று கிடா வெடித்தது. "மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. உதறினா, சாமி உத்தரவு கொடுத்துடுச்சுன்னு அங்கேயே வெட்டிடுவாங்க."



உடுக்கைச் சத்தம் நெருங்கியது. கருப்பு ஆடுகள் ஓடிவந்து, கிடாவை நடுவில் வைத்து, விலாவோடு விலாவாக நெருக்கி நின்றன. பூசாரி செம்பைச் சாய்த்தார். கிடாவின் தோல் சிலிர்க்கப் பார்த்தது. இரண்டு பக்கத்து விலாக்களும் அதை இறுக்கிப் பிடித்தன. கிடா உதறவில்லை.

பூசாரி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ஊற்றினார். இந்தத் தடவை நனைந்த முதுகுகளில் ஒன்று வெள்ளை.